ஹேரியட்டின் மிச்ச ஆயுசு

துவைத்த துணியை யாராவது உலர்த்தித்தானே ஆக வேண்டும் என்று லொரேன் தனக்குள் சொல்லிக்கொண்டாள், எதிரே யாரோ நின்று தடுப்பதுபோல. தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. கெய்ரோவில், ஷுப்ரா பகுதியின் பழைய கட்டடம் ஒன்றில், லிஃப்ட் எப்போதோ உயிரை விட்டுவிட்ட நாலாவது மாடியில், பாடம் சொல்லிக்கொடுக்க வந்த இந்த அமெரிக்கக்காரி தனியாகத்தான் குடியிருந்தாள். காலையில் தம்பி க்ளென் சொந்த ஊரான டுலூத்திலிருந்து கூப்பிட்டபோது வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. "தூக்கத்திலேயே போயிட்டாங்க லொரேன். கஷ்டப்படல." சரி. "நீ கிளம்பி வரணும்னு ஒண்ணும் இல்ல. சடங்கெல்லாம் வேண்டாம்னு அம்மா எப்பவோ சொல்லியிருக்காங்க. எரிச்சிடுவாங்க. ஜூன்ல எல்லாருக்கும் லீவு கிடைக்கும், ஏரிக்கரையில கூடி நல்லதா நாலு வார்த்தை பேசிக்கலாம்." சரி. "நீ நல்லா இருக்கே இல்ல?" இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. ஜூன். இப்போது பிப்ரவரி. அதுவரை இதை எங்கே வைத்துக்கொள்வது? அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவன் குரலும் கரகரத்திருந்தது, அங்கே இன்னும் விடிந்திருக்காது, இருட்டில் சமையலறையில் நின்றுகொண்டு பேசியிருப்பான், நன்றாகத்தான் பேசினான், எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தான், அக்கா செய்வதற்கென்று ஒரு துரும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு மெஷினின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நீலக் கால்சட்டை மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது. அது நின்ற பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இப்போது மத்தியானமும் தாண்டிவிட்டது, ஈரம் நாற ஆரம்பித்துவிடும்.

பால்கனிக் கம்பியில் நாலு கொடிகள், வெளியே தெருவைப் பார்த்து. எந்தக் கொடியில் எது என்பதற்கு இந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதிவைக்காத சட்டம். தெருப்பக்கக் கொடியில் படுக்கை விரிப்பு, அதற்கு உள்ளே துண்டு, அதற்கும் உள்ளே சட்டை, சுவரை ஒட்டிய கடைசிக் கொடியில்தான் உள்ளாடை, தெருவில் போகிறவன் கண்ணுக்கு ஒரு நூல்கூடத் தெரியக்கூடாது. வந்த புதிதில் லொரேன் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டுவைத்தாள், எதிர்த்த சலவைக் கடைக்காரர் ஒரு வாரம் அண்ணாந்தே பார்க்கவில்லை, அவ்வளவு நல்ல மனிதர். அப்புறம்தான் அதே மாடியில் எதிர் வீட்டு உம் ஹாஸிம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் எடுத்து வரிசை மாற்றிப் போட்டுவிட்டுப் போனாள். இப்போது கை தானாகச் செய்கிறது. விரிப்பை உதறினாள், தண்ணீர் முகத்தில் தெறித்தது. டுலூத்தில் அம்மா பனிக்காலத்திலும் துணியை வெளியேதான் காயப்போடுவாள், வெயிலில் சூடு இல்லாவிட்டாலும் காற்று உண்டே என்பாள், பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். துணி காயாது, உறையும். அப்பாவின் கால்சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும். அதை அம்மா இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வருவாள், ஒரு சுற்று ஆடுவாள், "உங்கப்பாவைவிட இது நல்லா ஆடுது, பாருங்க" என்பாள், க்ளென் தரையில் விழுந்து சிரிப்பான், கால்சட்டை மெல்ல மெல்ல முழங்காலில் மடங்கி அம்மாவின் தோளில் சாயும். அம்மாவின் கை அப்போது எவ்வளவு சிவந்திருக்கும். அந்தக் கையை எரித்துவிடுவார்கள் என்று நினைத்ததும் கிளிப்பு கைநழுவி நாலு மாடிக்குக் கீழே, நின்றிருந்த ஒரு காரின் கூரையில் படுத்திருந்த பூனையின் பக்கத்தில் போய் விழுந்தது. பூனை எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இன்றைக்கா, நாளைக்கா? எரிப்பது எப்போது என்று அவனைக் கேட்கவே இல்லையே. இங்கே நின்று கிளிப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடுமோ. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வது, அந்த நேரத்தில் எதைப் பார்த்து உட்காருவது?

கீழே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி வந்துவிட்டது, அடுப்புப் புகை மேலே ஏறி ஈர விரிப்பில் படிந்துகொண்டிருந்தது, வேறொரு நாளாயிருந்தால் வாய்க்குள் முணுமுணுத்திருப்பாள். பழைய சாமான் எடுப்பவன் தன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். அவனை யாரோ மாடியிலிருந்து "ஏ, உம் கரீம் வீட்டுல ஒரு ஃப்ரிட்ஜ் இருக்காம்!" என்று கூப்பிட்டார்கள். உம் கரீம், உம் ஹாஸிம், உம் மீனா. கரீமின் அம்மா, ஹாஸிமின் அம்மா, மீனாவின் அம்மா. இந்த ஊரில் பெண்களுக்குப் பிள்ளை பிறந்ததும் சொந்தப் பேர் போய்விடுகிறது. தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை பெறாத லொரேன் மட்டும் மேடம் லொரேன்தான். அவளை அப்படி அழைத்துவிட்டு ஒரு கணம் தயங்குவார்கள், பாவம் என்பதுபோல. பிள்ளை இல்லை என்றால் அடுத்த கேள்வி உடனே வரும், அம்மா இருக்காங்களா? இருக்காங்க. எங்கே? அமெரிக்காவில். யாரோட? அந்த 'யாரோட'வில்தான் அவள் மாட்டிக்கொள்வாள். முதியோர் இல்லம் என்பதற்கு அரபியில் சொல் உண்டு, அதை அவள் முதல் தடவை சொன்னபோது உம் ஹாஸிம் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நாதியத்தவங்கதானே அங்க போவாங்க? நீ இருக்கே, உன் தம்பி இருக்கான்?" என்றாள். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "ராத்திரியில தாகம் எடுத்தா யாரு தண்ணி குடுக்கறது?" நர்ஸ். "நர்ஸா!" அதோடு விட்டாளா? ரெண்டு நாளைக்கு ஒரு தரம் கேட்பாள். அம்மா எப்படி இருக்காங்க, போன் பண்ணியா, இங்கே கூட்டிக்கிட்டு வந்துடேன், பின்னறையைக் காலி பண்ணிக்கலாம், நாற்காலியில உட்காரவச்சு நாலு பையங்க தூக்கினா மாடி ஒரு கஷ்டமா, நான் ஒருத்தி இருக்கேனே, பாத்துக்க மாட்டேனா. அத்தனையும் அன்புதான். லொரேன் மாடிப்படியில் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அன்புக்குப் பயந்து ஒளிந்துகொள்கிற மனுஷி உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று தோன்றும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கோடையில் டுலூத் போயிருந்தாள். அங்கேதான் அது நடந்தது, எது என்று யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், தலை வாரிவிட்டிருந்தார்கள், யாருடையதோ ஒரு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருந்தார்கள். லொரேன் அவள் நகங்களை வெட்டிவிட்டாள், ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மெதுவாக. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் கை ரொம்ப இதமா இருக்கும்மா. நீ புதுசா வேலைக்கு வந்திருக்கியா?" ஆமாம் என்றாள் லொரேன், வேறு என்ன சொல்வது. "உனக்கு அம்மா இருக்காங்களா?" இருக்காங்க. "அப்போ போய்ப் பாரு. இங்க உட்கார்ந்து எங்களுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருக்கியே." சரி, போய்ப் பார்க்கிறேன் என்றாள். மிச்ச விரல்களையும் வெட்டி முடித்தாள். பிறகு விமானம், பிறகு கெய்ரோவின் அந்தச் சூடு, டாக்ஸிக்காரரின் பிள்ளைகள் கதை, கட்டடத்து இருட்டு, பெட்டியை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடி திரும்பும்போது மேலிருந்து உம் ஹாஸிம் கையில் மாவோடு ஓடிவந்து கட்டிக்கொண்டு கேட்டாள், அம்மா எப்படி இருக்காங்க? லொரேன், "இல்லை" என்றாள். இறந்துட்டாங்க, போன மாசம், எல்லாம் முடிஞ்சுடுச்சு. வாய் அதுபாட்டுக்குச் சொல்லியது, கொஞ்சமும் தடுமாறாமல், வகுப்பில் அவளே மாணவர்களிடம் எதிர்பார்க்கும் சுத்தமான வாக்கியமாக. உம் ஹாஸிம் அழுதாள். பெட்டியை அவளே மேலே இழுத்துப் போனாள். துக்கத்துக்கு இங்கே எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள், அவங்களுக்கு மிச்சமிருந்த ஆயுசு உனக்குச் சேரட்டும் என்று. அந்த மிச்ச ஆயுசை டுலூத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா அப்போது செலவழித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் செலவழித்தாள். ஒவ்வொரு குளிர்காலத்தையும் தாண்டினாள், நிமோனியாவைத் தாண்டினாள், இடுப்பெலும்பு முறிந்தும் தாண்டினாள். ஒவ்வொரு தடவை பிழைத்தபோதும் லொரேனுக்கு ஒரு நிம்மதியும் அதன் அடியில் ஒரு பயமும் வரும், இந்த ஆயுசு யாருடையது, நான் சொன்ன பொய்யினால் நீண்டதா, நான் சொன்ன பொய்யே ஒருநாள் வந்து வாங்கிக்கொண்டு போகுமா என்று. படித்தவள்தான். படித்து என்ன, ராத்திரியில் புத்தி தன் இஷ்டத்துக்குத்தான் போகிறது.

பொய்யினால் ஒன்று நடந்தது, கேள்விகள் நின்றுபோயின. நின்றது மட்டுமா, வசந்தத்தில் இங்கே அன்னையர் தினம் வரும்போது பெண்கள் அவள் முன்னால் பரிசுப் பேச்சே எடுக்க மாட்டார்கள், உம் ஹாஸிம் தட்டு நிறைய ரவைக் கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். லொரேன் அதைத் தின்பாள். தின்றுவிட்டாளே, எல்லாவற்றையும் முன்கூட்டியே தின்று தீர்த்துவிட்டாளே. ஒரு அம்மா செத்ததற்கு ஒரு மனுஷிக்கு எவ்வளவு ஆறுதல் கிடைக்குமோ அவ்வளவும் வாங்கியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது? இப்போதுதான் செத்தாள், நிஜமாகச் செத்தாள் என்று சொன்னால் அப்புறம் அன்றைக்கு யார் செத்தது என்று கேட்க மாட்டார்களா. உயிரோடிருந்த தாயைச் சாகடித்தவள் என்பதை இந்தக் கட்டடம் தாங்காது, அவர்களால் எதை வேண்டுமானாலும் மன்னிக்க முடியும், அதை முடியாது. சொல்லாமல் இருந்துவிடலாம். ஜூன் வரை இருக்கலாம். ஜூன் மாதத்து ஏரிக்கரையில் காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு சாலட் வைத்துக்கொண்டு யாரோ நல்லதாக நாலு வார்த்தை பேசும்போது அழலாம், அதற்குள் அழுகை கெட்டுப்போகாமல் இருந்தால். போன வருஷம் சலவைக் கடைக்காரரின் தாயார் இறந்தபோது இந்தத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார்கள். பூவேலை போட்ட சிவப்புத் துணி, வரிசை வரிசையாக நாற்காலி, ஒலிபெருக்கியில் குர்ஆன், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார்கள். மறுநாள் லொரேனுக்கு வகுப்பு இருந்தது, தூங்க முடியவில்லையே என்று பல்லைக் கடித்தாள். அந்த மனிதர் பந்தல் வாசலில் நின்று வருகிற ஒவ்வொரு கையையும் பற்றிக்கொண்டது இப்போது கண்ணிலேயே நிற்கிறது. அவருக்கு எவ்வளவு கைகள் வந்தன. விரிப்பின் கடைசி முனையில் கிளிப்பை மாட்டினாள். கூடை காலியாகிவிட்டது, துணியெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ரொம்பப் பயமாக இருந்தது.

கதவைத் தட்டும் சத்தம். தட்டுவது யாரென்று கேட்கவே வேண்டாம், சாயங்காலத் தொழுகை முடிந்ததும் உம் ஹாஸிம் காப்பிக்கு வருவாள், ஊரே மாறினாலும் அது மாறாது. கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை திறந்துவிட்டது. உம் ஹாஸிம் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டுதான் வந்தாள், மகன் ஹாஸிமின் புதுப் பெண்டாட்டியைப் பற்றி. "வெண்டைக்காயை அலசிட்டு நறுக்காம, நறுக்கிட்டு அலசறா! கஞ்சி மாதிரி வந்து நிக்குது. அவன் அதையும் ஆஹா ஓஹோன்னு தின்னுறான். என் சமையலை ஒரு நாள் வாயைத் திறந்து பாராட்டியிருப்பானா, கேளு." லொரேன் சிரித்தாள், சிரித்துவிட்டுத் தன் சிரிப்பைக் கேட்டுத் திடுக்கிட்டாள். கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள், பொடியைப் போட்டாள், அடுப்பருகில் நின்று நுரை எழும்புவதைப் பார்த்தாள், வெண்டைக்காய்க் கதை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, நுரை விளிம்புக்கு வந்தது, எரிக்கும் சூடு எவ்வளவு இருக்கும் என்று நினைத்தாள், அணைத்தாள், ஊற்றினாள், கொண்டுபோய் வைத்தாள். உம் ஹாஸிம் பேசிக்கொண்டே கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பேச்சு நின்றுவிட்டது. கோப்பைக்குள் பார்த்தாள், லொரேனைப் பார்த்தாள். தலைத்துணியை இழுத்து நெற்றியோடு சரிசெய்துகொண்டாள். பிறகு மெதுவாக, அடிமண்டி தெரியும்வரை, முழுவதையும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு?" என்றாள்.

"என்ன யாரு? ஐயோ, சர்க்கரை போடலையா? வேற கலந்து தரேன்."

"உட்காரு. சர்க்கரை இல்லாத காப்பி எங்க ஊர்ல சாவு வீட்டுலதான் குடுப்பாங்க. இத்தனை வருஷமா எனக்குப் பாகு மாதிரி போட்டுக் குடுத்த கை. அது சும்மா மறக்காது. யாரு போனது?"

"யாரும் இல்ல, உம் ஹாஸிம். தலைவலி. அதான்."

உம் ஹாஸிம் காலிக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேசுவியே, அவங்களா?" என்றாள்.

லொரேன் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, முதியோர் இல்லத்துக்குப் போன் செய்வாள், பொய் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். அம்மா என்ற சொல் எந்த மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது என்று பயந்து, வாய் தவறி வந்துவிடப் போகிறதே என்று, பெற்றவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள். ஹேரியட், சாப்பிட்டீங்களா? ஹேரியட், வெளியே பனி பெய்யுதா? அம்மாவும் யாரோ தெரிந்த பெண் என்று மரியாதையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குளியலறை ஜன்னல் கட்டடத்தின் நடுவில் இருக்கும் காற்றுக் குழிக்குள் திறக்கிறது என்பதும், குழிக்கு எதிர்ப்பக்கம் உம் ஹாஸிமின் சமையலறை என்பதும் அவளுக்குத் தெரியாததா?

"குழாயத் தொறந்துவிட்டா கேக்காதுன்னு நெனச்சியாக்கும். இந்தக் கட்டடத்துல பாதி நாள் தண்ணியே வர்றதில்ல, ஹபீப்தி, என் கண்ணே" என்றாள் உம் ஹாஸிம். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா ஒரே விஷயத்தை மெதுவா, திரும்பத் திரும்ப, கோபப்படாம சொல்லுவே. எங்கம்மாவுக்கு நெனப்பு தப்பினப்போ நானும் அப்படித்தான் பேசினேன். போனை வச்சதும் நீ மூக்கைச் சிந்தறது கேக்கும். அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"எப்பவே?"

"முதல் வருஷமே."

"அப்புறம் ஏன் நீங்க கேக்கல?" என்றாள் லொரேன்.

"நான் கேட்டதுனாலதானே நீ அவங்களைச் சாகடிச்சே? படிக்கட்டுல, வீட்டுல, ஒரு நாள் விடாம கேட்டேன். யாரு தண்ணி குடுக்கறதுன்னு கேட்டேன். உன்னால வேற என்ன சொல்ல முடியும்? நான்தான் உன்னை அந்த முட்டுச்சந்துல கொண்டுபோய் விட்டேன். அதுக்கப்புறமும் வந்து கேக்கச் சொல்றியா?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எப்போ?"

"காலையில. தூக்கத்துல."

உம் ஹாஸிம் எழுந்தாள். மேஜைமேல் கிடந்த பேப்பர்களை எடுத்து அலமாரிக்குள் தள்ளினாள், நாற்காலிகளைச் சுவரோரமாக நகர்த்த ஆரம்பித்தாள், நாலு பேர் வந்தால் உட்காரவேண்டுமே. நகர்த்திக்கொண்டே வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள். "மாடியில இருக்கறவங்களுக்குப் பெரியம்மான்னு சொல்லிடலாம். உங்கம்மாவோட அக்கா, உன்னைத் தூக்கி வளர்த்தவங்க. நான் சொன்னா ஒருத்தியும் துருவ மாட்டா. அதை நான் பாத்துக்கறேன்." கதவருகே போய், தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். "நீ அம்மான்னே அழு."

கதவு திறந்தது. மேடம் லொரேனோட பெரியம்மா தவறிட்டாங்க என்று மாடிப்படிக்குள் அவள் குரல் ஏறியும் இறங்கியும் போனது, தலைக்குமேல் ஒரு கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது, செருப்புகள் படியிறங்கத் தொடங்கின. லொரேன் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கவில்லை. ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அம்மா என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.